மூன்றாவது கேள்விக்கு யார் பதில் சொல்வது?

ஜூன் கடைசி வாரம். டெல்டாவில் ஒரு சிறார் இல்லம். சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மீசை அரும்பிய ஒரு பையன் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே என் பக்கத்தில் வந்து நின்றான். "சார், கல்லணையில் திறந்துவிட்டார்களா? பாமணி ஆற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்டான். திறந்து பத்து நாளாகிறது, கடைமடைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை என்றேன். "அப்படியானால் அப்பா நாற்று விட்டிருப்பார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் மீதிருந்தது கொலை வழக்கு. இறந்தவனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பஸ் நிறுத்தத்தில் கிளம்பிய ஒரு வாய்ச்சண்டை மூன்று நாள் புகைந்து, நான்காம் நாள் வாய்க்கால் மதகடியில் அரிவாள் வெட்டில் முடிந்திருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவனாகத்தான் சொன்னான்: "அவன்தான் சார் முதலில் முறைத்தான்." நாற்றைப் பற்றிப் பேசிய அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. (யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஆற்றின் பெயரையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி அவன் பேசியது பேசியபடியே இருக்கிறது.)

நாற்றுக்குக் கவலைப்படுகிற பிள்ளை எப்படி இன்னொரு பிள்ளையை வெட்டினான்? ஊரில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எல்லாம் கிடைத்துவிடும். செல்போன் கெடுத்தது. சினிமா கெடுத்தது. வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியது கெடுத்தது. அம்மா கொடுத்த செல்லம் கெடுத்தது. கடைசியில் ஒருவர், பதினேழு வயதுக்காரன் வெட்டினாலும் இருபத்தேழு வயதுக்காரன் வெட்டினாலும் உயிர் உயிர்தானே, தூக்கில் போட வேண்டியதுதானே என்பார். நான்கு பேர் தலையாட்டுவார்கள். டீ ஆறிப்போயிருக்கும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் சுமார் 30,500. அதே ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவான மொத்த வழக்குகள் 35 லட்சத்துக்கு மேல். ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. பிடிபடும் சிறாரில் நான்கில் மூன்று பேர் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வருகிற இன்னொரு விவரமும் உண்டு: இவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெற்றோருடன் வீட்டில் வாழ்ந்தவர்கள். ரயில் நிலையத்தில் படுத்துறங்கும் நாதியற்ற பையன் என்று நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படம் தவறு. நம் தெருவில், நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன்தான் அவன்.

சட்டத்தின் கதை இங்கேயே, பழைய சென்னை மாகாணத்திலேயே தொடங்குகிறது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது 1920இல், மதராஸ் குழந்தைகள் சட்டமாக. தஞ்சை அன்று அந்த மாகாணத்தின் ஒரு மாவட்டம். பையன்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று இருந்த வயது வரம்பை 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 ஆக்கியது. பிறகு 2012 டிசம்பர், டெல்லி: ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி மீது கூட்டுப் பாலியல் வன்கொடுமை. அந்தப் பஸ்ஸில் இருந்த ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு ஆகச் சில மாதங்கள் பாக்கி. மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். இரண்டாம் நாள், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. தெருவில் திரண்ட கோபத்தின் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்ட சட்டம். ஆனாலும் நம்மில் பலர் நினைப்பதைவிட அது நிதானமான சட்டம்.

குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றத்தில் 16 வயது முடிந்தவன் சிக்கினால், அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் ஆராய வேண்டும். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். ஆராய மூன்று மாதம். பிரிவு 15 அவர்கள் முன் மூன்று கேள்விகளை வைக்கிறது. அப்படியொரு குற்றத்தைச் செய்யும் மன வலிமையும் உடல் வலிமையும் அவனுக்கு இருந்ததா? அதன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா? எந்தச் சூழலில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது?

முதல் இரண்டு கேள்விகளும் பையனைப் பற்றியவை. மூன்றாவது அவனைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றியது. டீக்கடை, தொலைக்காட்சி விவாதம், சில சமயம் நீதிமன்றமும்கூட, முதல் இரண்டோடு எழுந்து போய்விடுகின்றன. எனக்கு இந்தக் கட்டுரையில் பேச வேண்டியிருப்பது அந்த மூன்றாவதைத்தான். ஆனால் இரண்டாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

விளைவு புரிந்திருந்ததா? வெட்டினால் செத்துப்போவான் என்று பதினாறு வயதில் யாருக்குத்தான் தெரியாது. தெரியும். ஆனால் தெரிவது வேறு, கை ஓங்கிய நொடியில் அது நினைவுக்கு வந்து கையைப் பிடிப்பது வேறு. மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் நிதானிப்பதற்கும், பொறுப்பதற்கும், நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுவதற்கும் உரியது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகிறது. ஆத்திரம், ஆசை, பயம், அவமானம் ஆகியவற்றைக் கிளப்பும் உள்பகுதிகள் பன்னிரண்டு, பதின்மூன்றிலேயே முழு வேகத்துக்கு வந்துவிடுகின்றன. மதகுக்கு இன்னும் பலகை போடவில்லை, அதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. டெல்டாக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்றும் உண்டு. கொடிய செயல்களில் ஈடுபடும் சிறார் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டியது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடும்போது ஒருவாறு நிதானமாக ஓட்டிய வளரிளம் பருவத்தினர், பக்கத்தில் நண்பர்கள் நின்று பார்த்தபோது வெகுவாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆய்வுக்கூடத்துக் கணினியில் கார் ஓட்டியதும் நம் ஊர்ப் பஸ் நிறுத்தமும் ஒன்றல்லதான். ஆனால் நான் பார்த்த எந்தச் சண்டையிலும், அடித்தவனைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டு இரண்டு பேர் பின்னால் நின்றிருக்கிறார்கள். அவர்கள் பார்க்காவிட்டால் அவன் திரும்பிப் போயிருப்பான்.

"முதலில் முறைத்தான்" என்ற சொல்லுக்கு இப்போது வரலாம். இதைச் சிரிப்புக்குரிய காரணமாக நினைப்பவர்கள் கிராமத்தில் வளராதவர்கள். முறைப்பு இங்கே ஒரு மொழி. யார் தெரு வழியாக யார் செருப்போடு போனார்கள், யார் யாரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டினார்கள் என்பதையெல்லாம் இந்த மண் நூற்றாண்டுகளாகக் கணக்கு வைத்திருந்தது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் கூலிக்காரரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்ததும், சாணிப்பால் புகட்டியதும் 1940களில் விவசாயத் தொழிலாளர் சங்கம் எழுந்து எதிர்க்கும்வரை அன்றாட வழக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்த 44 பேரில் பெண்களும் குழந்தைகளும்தான் மிகுதி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், ஊர்ப் பெரியமனிதர்கள். 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அன்று செல்போன் கிடையாது. பிரம்பு வாத்தியார் கையில்தான் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி யாராவது பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதி நினைவுக்கு வரும்.

சாதிச் சண்டை தென் மாவட்டத்து வியாதி என்று டெல்டாவில் சொல்லிக்கொள்வது ஒரு வழக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதி நிறக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும், அரசுப் பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. தென் மாவட்டம் பற்றிய அறிக்கை என்று அதை இங்கே மூடி வைப்பவர்கள், தங்கள் ஊர் கோயில் திருவிழா பேனரில் பல்லிளிக்கும் பையன்களின் மணிக்கட்டை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். அந்தப் பேனருக்குக் காசு கொடுத்தவர்கள் பையன்கள் இல்லை. கடைக்கண்ணியில், கல்யாண மண்டபத்தில் "நம்ம பையன், துடிப்பான பையன்" என்று தோளைத் தட்டிக்கொடுக்கும் நாற்பது வயதுக்காரர்கள்தான். வழக்கு என்று வந்ததும் அவர்கள் யாரும் குழுமத்தின் வராந்தாவில் வந்து நின்று நான் பார்த்ததில்லை. தாய் மட்டும் வருவாள். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பிறப்புச் சான்றிதழ்.

வீட்டுக்குள் போனால் கதை இன்னும் நெருக்கமாகிறது. அமெரிக்காவில் 1990களில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் குழந்தைப்பருவத் துன்பங்களைப் பற்றி விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அடி, வசை, பாலியல் தொல்லை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடி, வீட்டில் ஒருவர் சிறையில் என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். உடல்நலத்தை ஆராயத் தொடங்கியதுதான். எண்ணிக்கை கூடக்கூடப் பிற்காலத்து நோய்களும் கூடின. பின்னால் வந்த ஆய்வுகள் வன்முறைக்கும் இதே தொடர்பு இருப்பதைக் கண்டன. வீட்டில் எந்நேரமும் அடி விழலாம் என்று வளர்கிற பிள்ளைக்கு உடம்பு எப்போதும் விழித்தே இருக்கும். எதிரே நிற்பவன் சும்மா பார்த்தாலும் அது முறைப்பாகத்தான் தெரியும். அந்தப் பையனின் வாக்கியத்துக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. இறந்தவன் முறைக்கவே இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

அடியில் நமக்கு இருக்கும் நம்பிக்கை அசாத்தியமானது. அடியாத மாடு படியாது என்போம். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்போம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவது என் அப்பா தலைமுறைவரை பாசத்தின் அடையாளம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. வீட்டில் அடிப்பதை யார் தடுப்பது? பிரம்பைப் பிடுங்கியதால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு வேலை தருவேன். கடும் குற்றத்தில் சிக்கிய சிறாரின் வீட்டுக்குப் போய், இவன் அடிபடாமல் வளர்ந்தவனா என்று கேட்டு வாருங்கள். நான் கேட்ட வீடுகளில் அப்படியொரு பதில் வந்ததில்லை.

டெல்டாவில் கடந்த இருபது ஆண்டுகளில் வீட்டின் வடிவமே மாறிவிட்டது. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டு முழுவதும் ஆளுக்கு வேலை இருந்த காலம் போய்விட்டது. நடவும் அறுவடையும் இயந்திரத்துக்குப் போன பின் அப்பா திருப்பூருக்கோ சென்னைக்கோ போகிறார், வாய்த்தால் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கமும் தென்னைகளைச் சாய்த்த பிறகு, அதுவரை போகாதவர்களும் போனார்கள். பிள்ளை ஆத்தாளிடம் (பாட்டியிடம்) வளர்கிறான். ஆத்தாளுக்கு மூட்டு வலி, கண் மங்கல். அவன் இரவு எத்தனை மணிக்கு வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஊரிலேயே இருக்கும் அப்பாக்களில் ஒரு பகுதியினர் சாயங்காலம் எங்கே இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. சமூகப் பொறுப்பு என்ற சொல்லைப் பேசும்போது இந்தக் கடையைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரை வீட்டு எரவாணத்தில் கருக்கரிவாள் செருகி வைத்திருப்பார்கள். கதிர் அறுக்க அது. தேங்காய்க்கும் விறகுக்கும் வெட்டரிவாள். அறுவடை இயந்திரம் வந்தபின் கருக்கரிவாள் துருவேறிக் கிடக்கிறது. வெட்டரிவாளோ இப்போது பையன்களின் காணொலிகளில் மினுக்குகிறது. பின்னணியில் ஏதாவது ஒரு பாட்டு. செல்போனுக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முன்பெல்லாம் பஸ் நிறுத்தத்தில் பட்ட அவமானத்தைப் பார்த்தவர்கள் பத்துப் பேர். இன்று அது இரவோடிரவாக முந்நூறு பேர் கைக்குப் போகிறது. மறுநாள் வகுப்பில் எல்லோர் முகத்திலும் அது தெரிகிறது. மூன்று நாள் புகைந்தது என்று மேலே சொன்னேனே, அந்த மூன்று நாளும் புகை எங்கே போனது என்று இப்போது புரியும்.

இவ்வளவும் இருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் யாரையும் வெட்டுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அப்பா குடிப்பவர், ஆத்தாள் வளர்ப்பு, சாதித் தெரு எல்லாம் இருந்தும் லட்சக்கணக்கான பையன்கள் ஐடிஐ படித்து வேலைக்குப் போகிறார்கள். அப்படியிருக்க இவன் மட்டும் ஏன்? இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் நாகப்பட்டினத்தைக் காட்டுவேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. ஒரே காலைப்பொழுதில் அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரையும் இழந்த குழந்தைகள் இருந்தார்கள். அதற்குமேல் ஒரு குழந்தைக்கு என்ன கொடுமை நடக்க முடியும்? அவர்களுக்காக அன்னை சத்யா அரசு காப்பகம் நடந்தது. சுனாமிக்குப் பிறகு அந்த மாவட்டத்துக்கு ஆட்சியராக வந்த ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போன பின்னும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார். வளர்ந்த பெண்ணின் கல்யாணத்துக்கு வீட்டு மனிதராக வந்து நின்றார். இழப்பு மட்டுமே ஒரு பிள்ளையைக் கொடியவனாக்குவதில்லை. விட்டுப்போகாத ஒரு பெரிய மனிதர் இருக்கிறாரா என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. அது ஆட்சியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளியில் பி.டி. வாத்தியார், பக்கத்து வீட்டு அத்தை, பட்டறை முதலாளி என்று யாராகவும் இருக்கலாம்.

டெரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் எழுதிய ஒரு வகைப்பாடு இதில் உதவும். சிறு வயதிலிருந்தே மூர்க்கமாக இருந்து, பெரியவரான பின்னும் தொடரும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம், வளரிளம் பருவத்தில் மட்டும் தடம் மாறி, வேலை, குடும்பம் என்று வந்ததும் தானாகவே அடங்கிவிடுவது. இரண்டாவது கூட்டத்துப் பையனைப் பிடித்து முதல் கூட்டத்தோடு அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இந்த இரண்டு கூட்டத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கடினம். 2017இல் குருகிராம் பள்ளி ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். போலீஸ் உடனே பஸ் நடத்துநர் ஒருவரைப் பிடித்தது; ஊரே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. பிறகு விசாரித்த சிபிஐ, அவருக்குத் தொடர்பில்லை என்று பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மீது குற்றம் சாட்டியது. அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற ஒரு கேள்வியே 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம்வரை போனது. உளவியல் தெரிந்தவர் குழுமத்தில் இல்லையென்றால் வெளியிலிருந்து நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்த இடத்தில் எதிரே ஒருத்தி வந்து நிற்கிறாள். இறந்தவனின் தாய். "என் பிள்ளைக்கும் பதினாறு வயதுதான்" என்பாள். நான் மேலே அடுக்கிய காரணங்கள் எதுவும் அவளுக்கு வேண்டாம். வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். காரணம் சொல்வது வேறு, நியாயம் கற்பிப்பது வேறு என்று நான் எழுதிக்கொண்டு போகலாம். அவள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். சிறார் வழக்கில் மூடிய அறையில் எல்லாம் நடக்க, அவள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு உட்கார்ந்து விளக்கும் பொறுப்பு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. சிறார் நீதியைப் பேசும் எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் நழுவிவிடுகிறோம். அவளுடைய கோபம் பிறகு அரசியலாகிறது.

கடும் தண்டனை கேட்பவர்களுக்குத் திருவாரூரில் ஒரு கல்தேரே இருக்கிறது. தியாகராஜர் கோயிலுக்கு வெளியே, தேர்க்காலில் கிடக்கும் இளவரசனும் பக்கத்தில் பசுவும் கன்றுமாக. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தானே தேரேற்றிக் கொன்ற மனுநீதிச் சோழன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் அவருக்குச் சிலை உண்டு. அரசு மனு வாங்கும் நாளுக்கும் அவர் பெயர்தான். பெற்ற பிள்ளையென்றும் பார்க்காத நீதி என்று சின்ன வயதில் சிலிர்த்திருக்கிறேன். 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இருவர் இறந்தபோது, ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பதினேழு வயதுப் பையனுக்குச் சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் அவனுடைய பெற்றோர் கைதானார்கள். அன்று கல்தேரை நினைக்காத திருவாரூர்க்காரர் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் சேக்கிழார் அந்தக் கதையைச் சொல்லும் இடத்தில் நாம் சாதாரணமாகத் தாண்டிப்போகும் ஒரு பாட்டு இருக்கிறது. உயிர்களுக்கு வரும் ஐந்து பயங்களை அரசன் தீர்க்க வேண்டும் என்கிறான் சோழன். பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது எல்லாம் பிறகுதான். பட்டியலில் முதலில் நிற்பது அரசனாகிய தன்னால் வரும் பயம். இரண்டாவது, தன் பரிவாரத்தால் வருவது. தேரின் சக்கரம் மட்டும் நம் நினைவில் தங்கிவிட்டது, அந்த வரிசை தங்கவில்லை.

அரசின் பொறுப்பில் இருக்கும்போதே பிள்ளை பாதுகாப்பாக இல்லை என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில், வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் வந்த பதினேழு வயதுப் பையன் இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்கும் நீதிபதி சந்துருதான் ஒருநபர் குழு. இல்லங்களைத் தனித் துறையின்கீழ் கொண்டுவரச் சொன்னார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கும் கூர்நோக்கு இல்லங்களுக்குத்தான் டெல்டாப் பையன்கள் போகிறார்கள். ஆலோசகர், ஆசிரியர், தொழிற்பயிற்சி எல்லாம் ஏட்டில் உண்டு. ஆனால் தலைமடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான்.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று அடிக்கடி சொல்லப்படும். 1993இல் லிவர்பூல் அருகே இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுப் பையன்கள் இருவர் கொன்றார்கள். அவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தி, பெயரையும் படத்தையும் நாட்டுக்கே காட்டினார்கள். மறு ஆண்டு நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் ஐந்து வயதுச் சிறுமி, ஆறு வயதை ஒட்டிய சிறுவர்களால் இறந்தாள். அங்கே பெயர் வெளிவரவில்லை; ஆலோசகர் துணையோடு பிள்ளைகள் படிப்புக்குத் திரும்பினார்கள். பத்து வயதும் ஆறு வயதும் ஒன்றல்ல, அதனால் இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்குமேல் நீட்ட மாட்டேன். எனக்கு அதில் பிடித்தது பெயரை மறைத்தது. நம் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஆனால் இங்கே பையனை போலீஸ் அழைத்துப்போகும் முன்பே அவன் பள்ளி அடையாள அட்டையின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான்.

நம்மிடமே இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். டெல்டாவில் கபடிக் குழு இல்லாத ஊர் அபூர்வம். மின்விளக்கு போட்டு விடியவிடிய நடக்கும் போட்டிகளில் ஒரு பையன் என்ன கற்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏழு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நடுவர் கைகாட்டினால் வெளியே போய் உட்கார வேண்டும். அடக்கியவனை முறைக்கலாம், அடிக்க முடியாது. தன் அணி எதிரணியில் ஒருவனை வெளியேற்றினால் உட்கார்ந்தவன் மறுபடி உள்ளே வரலாம். கூட்டமாகச் சேர்ந்தால் துணிச்சல் வரும் அதே வயதுக்கு, அந்தத் துணிச்சலை வைத்துக்கொள்ள ஒரு கோட்டுக்குள் இடம். சில ஊர்களில் இந்தக் குழுக்களும் சாதிப் பெயர் சூட்டிக்கொண்டு திரிகின்றன என்பதும் உண்மை. பனியன் அடிக்கப் பணம் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு அதிகாரபூர்வமாகப் பதில் எழுதும் இடம் ஒன்று இருக்கிறது. சமூகப் புலனாய்வு அறிக்கை, படிவம் 6. பையனைக் குழுமத்தின் முன் நிறுத்திய 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் அதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் யார் யார், யாருக்குக் குடிப்பழக்கம், பள்ளியை ஏன் விட்டான், ஆசிரியர்களும் உடன் படித்தவர்களும் எப்படி நடத்தினார்கள், அடிபட்டிருக்கிறானா, பெரியவர்கள் யாராவது அவனைப் பயன்படுத்திக்கொண்டார்களா, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று நீளும் படிவம். ஒழுங்காக நிரப்பினால் அது ஒரு கிராமத்தின் எக்ஸ்ரே. நிரப்ப வேண்டியவர் இரண்டு பஸ் மாறி, ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்து, வெட்டு விழுந்த ஊரில் வாய் திறக்க மறுக்கும் மனிதர்களிடம் இதையெல்லாம் கேட்க வேண்டும். அவருக்கு அதே வாரத்தில் இன்னும் பல வீடுகள் பாக்கி.

அதற்கும் முன்னால், வெட்டு விழுவதற்கே முன்னால், கேட்டிருக்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. ஒவ்வொரு ஊராட்சியிலும் தலைவர் பொறுப்பில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளை யார், அடிபடுகிற பிள்ளை யார், திடீரென்று அரிவாளோடு படம் போடுகிற பிள்ளை யார் என்று பேசுவதற்கான குழு. வேறொரு வேலையாகப் போயிருந்தபோது, டெல்டா ஊராட்சி ஒன்றில் அந்தக் குழுவின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு கூட்டங்கள் நடந்ததாக எழுதியிருந்தது. கையெழுத்துகள் எல்லாம் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. அங்கன்வாடிப் பணியாளரின் கையெழுத்து மட்டும் வேறு மாதிரி. பேசிய பொருள் என்ற கட்டத்தில் நான்கு முறையும் ஒன்றே எழுதப்பட்டிருந்தது: "நமது ஊராட்சியில் குழந்தைகள் தொடர்பாகப் பிரச்சினை ஏதும் இல்லை." நான்காவது கூட்டத்தின் தேதியைப் பார்த்தேன். அந்த ஊரில் ஒரு பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்திப் பதினோராவது நாள் அது.